மொட்டைக்கறுப்பன் சோற்றுக்குப் போங்கள், கதைக்கு ஆச்சியைப் பிடியுங்கள்

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம், பலாலி வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் வன்னிச் சாப்பாட்டுக் கடை ஒன்று நடக்கிறது. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நல்லதோடு சேர்த்துக் குறையும் எழுதப் போகிறேன், சின்னக் கடை, குடும்பமாக நடத்துகிறார்கள், அவர்களுடைய வயிற்றில் அடிக்க விருப்பமில்லை. அந்தப் பக்கம் போய் வன்னிச் சோறு எங்கே என்று கேட்டால் யாரும் கைகாட்டி விடுவார்கள்.

படலையைத் திறந்தால் வளவுக்குள் கிடுகு வேய்ந்த ஒரு பெரிய மால், சாணி மெழுகிய நிலம், நாலு பக்கமும் மண் குந்து. சுவர் என்று இருக்கிற இடமெல்லாம் பலகை மாட்டி, கடைக்காரத் தம்பியின் பூட்டன் 1930களின் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் இருக்கிற இரணைமடுக் குளத்துக்குக் கீழே காணி எடுத்துக் காடு வெட்டி வயலாக்கின கதையை எழுதி வைத்திருக்கிறார்கள். அரிக்கன் லாம்பு, கோடாரி, அலவாங்கு, உரல், உலக்கை, பழைய பெட்டகம் ஒன்று. இப்படி அலங்கரித்த கடைகள் இப்போது நிறைய வந்துவிட்டதால் எனக்குப் பொதுவாகவே ஒரு சந்தேகம், சுவரில் லாம்பு கூடக் கூட இலையில் ருசி குறையும் என்று. இங்கே அப்படி நடக்கவில்லை.

மதியச் சாப்பாடு 950 ரூபா, வாழையிலையில் வரும். சோறு மொட்டைக்கறுப்பன் என்கிற சிவப்பரிசி நெல்லின் புழுங்கல். நகரத்துக்குள் பல கடைகளில் சிவப்பரிசிச் சோறு என்று தருவது, கரண்டியால் எடுத்தால் கட்டியாக விழும், இல்லாவிட்டால் மில்லில் தவிடு முழுக்கப் போய் வெளிறிப் போயிருக்கும். இங்கே பருக்கை பருக்கையாக வருகிறது. மேலே சிவப்புத் தவிடு கோடு கோடாக நிற்க, வயிறு வெடித்து உள்ளே வெள்ளை தெரிகிறது, ஒரு பருக்கையை விரலால் நசித்தால் நடுவில் குறுணி தட்டுப்படாமல் மாவாகப் போகிறது. ஆனால் வாயில் போட்டு மென்றுதான் சாப்பிட வேண்டும், விழுங்க முடியாது. வெள்ளைப் பச்சை அரிசியில் பழகின சின்னப் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள், அவர்களுக்கு வேறு ஏதாவது சொல்லிவிடுங்கள். நெல்லைத் தாங்களே ஊறவைத்து அவித்து, பாயில் பரப்பிக் காயவைத்து, பக்கத்தில் இருக்கிற சின்ன மில்லில் ஒரே ஒரு தரம் விட்டு எடுப்பதாகத் தம்பி சொன்னார். பின்வளவில் அரை ட்ரம்மில் நெல் அவிகிற மணம் வந்துகொண்டிருந்ததால் அதை நம்புகிறேன்.

அடுத்தது குழம்பு. வன்னியில் இருந்து விரால் வந்தால் விரால், இல்லாத நாளில் திலாப்பியா. தேங்காய்ப்பால் விடுவதில்லை. பழப்புளியைத் தூக்கலாகக் கரைத்து, வறுத்த மிளகாய்த்தூள், வெந்தயம், உள்ளி, அவ்வளவுதான். முதல் தரம் சாப்பிடுகிறவருக்கு ஏதோ குறைகிறது போல இருக்கும், நாங்கள் பாலும் தேங்காயுமாகவே வளர்ந்தவர்கள். ஏன் பால் விடவில்லை என்று கேட்டதற்குக் கிடைத்த பதில் எனக்கு நிரம்பப் பிடித்தது: புதுக்காணியில் தென்னம்பிள்ளை வைத்தால் அது காய்க்க ஆறேழு வருஷம் எடுக்கும், அதுவரைக்கும் தேங்காய் யாழ்ப்பாணத்தில் இருந்து மூட்டையில் வரவேண்டும், ஆகவே தேங்காய் என்பது பொங்கலுக்கும் வருஷப்பிறப்புக்கும்தான். அந்த ஆறேழு வருஷத்துக் குழம்புதான் இன்றைக்கும் இலைக்கு வருகிறது. பூசணிக்காய்க் கறியும் அப்படித்தான். காட்டை வெட்டி எரித்த முதல் வருஷம் அந்தச் சாம்பல் மண்ணில் குரக்கன், சோளம், கச்சான், பூசணி என்று கிடைத்ததைப் போடுவார்களாம், வயல் ஒழுங்காகிற வரைக்கும் வயிற்றைப் பார்த்தது அதுகள். கறியில் பூசணித் தோலை முழுதாகச் சீவாமல் விட்டிருக்கிறார்கள், அந்தத் தோல்தான் ருசி. முருங்கையிலை வறையும் மோர்மிளகாயும் சும்மா வரும், மேலதிகமாகக் கேட்டாலும் தருகிறார்கள். கடைசியில் எருமைத் தயிரும் பனங்கட்டியும், அதற்கு 200 ரூபா தனியாக.

குரக்கன் புட்டு மட்டும் சரியில்லை. காலையில் அவித்து வைத்து மதியம் வரைக்கும் தருகிறார்கள், காய்ந்து தொண்டையில் நிற்கிறது, போதாக்குறைக்குத் தேங்காய்ப்பூவும் குறைவு. பழங்காலத்தில் இப்படித்தான் சாப்பிட்டார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது, பழங்காலத்தில் சுடச்சுட அவித்துத்தான் சாப்பிட்டிருப்பார்கள். காலை ஏழரைக்குள் போனால் பழஞ்சோறு கிடைக்கும், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தயிர் விட்டுப் பிசைந்து சிரட்டையில். அதற்கு நான் முழு மாற்கும் போடுவேன்.

சரி, இனிச் சுவருக்கு வருவோம். பலகைகளில் இருக்கிற விபரம் பெரும்பாலும் சரி, அதைச் சொல்லியே ஆகவேண்டும். இரணைமடுக் குளம் கட்டத் தொடங்கியது 1902இல், முடிந்தது 1920 அளவில். குளம் வந்தும் சனம் வரவில்லை. காடு, யானை, எல்லாவற்றுக்கும் மேலே மலேரியாக் காய்ச்சல், வன்னிக்குப் போனவன் திரும்பி வரமாட்டான் என்ற பயம். 1935இல் காணி அபிவிருத்திச் சட்டம் வந்து, யாழ்ப்பாணத்தில் சனம் பெருகி வேலையில்லாமல் இருந்த நிலைமையைத் தணிக்க 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிய பிறகுதான் ஆட்கள் துணிந்தார்கள். தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 ஏக்கர் வயல், 3 ஏக்கர் மேட்டுக்காணி, பிற்பாடு அந்த அளவு சுருங்கிவிட்டது. பலகையில் ஏக்கரில்தான் எழுதியிருக்கிறார்கள். நான் நின்ற இடத்திலேயே எங்கள் யாழ்ப்பாணத்துக் காணி அளவான பரப்புக்கு மாற்றிப் பார்த்தேன். தோட்டக் கணக்கில் ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு, அப்படியென்றால் 8 ஏக்கர் 128 பரப்பு. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நாலு பரப்புச் செம்மண்ணில் துலா மிதித்து வெங்காயமும் புகையிலையும் செய்துகொண்டிருந்த ஒரு ஆளுக்கு, அதுவும் உள்ள காணியைத் தங்கச்சிமாருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு நின்ற ஆளுக்கு, 128 பரப்பு என்று சொன்னால் காய்ச்சலாவது யானையாவது! இந்தக் கணக்கை அவர்கள் பலகையில் போட வேண்டும். ஏக்கர் என்று எழுதினால் அந்த மனுசன் ஏன் போனார் என்று இன்றைய பிள்ளைக்கு விளங்காது.

இதில் ஒரு பகிடி. சாப்பாட்டு அட்டையின் முகப்பில் ஒரு படம், மேலே துணிக்கூடு போட்ட வண்டில், முன்னால் தொப்பி போட்ட வெள்ளைக்காரன், பக்கத்தில் மனுசி பிள்ளைகள், பின்னால் மரக்குற்றியில் கட்டின வீடு. அமெரிக்காவில் காணி பிடிக்க மேற்கே போன குடும்பம். கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன், "இன்ரநெற்றில எடுத்தது அண்ணை, வடிவா இருந்துது" என்றார். வடிவுதான். ஆனால் அந்தக் கதையும் இந்தக் கதையும் ஒன்றில்லை. அங்கே 1862இல் போட்ட சட்டப்படி ஒரு குடும்பம் 160 ஏக்கர் எடுத்து, ஐந்து வருஷம் அங்கேயே இருந்து பயிர்செய்தால் காணி உறுதியோடு சொந்தமாகும், பிறகு விற்கலாம், போகலாம். அந்த மண்ணில் முதலில் இருந்தவர்களைத் துரத்திவிட்டுக் கொடுத்தது என்பது வேறு கதை. இங்கே கிடைத்தது பெர்மிட், அரச காணியில் இருந்து பயிர்செய்ய ஒரு அனுமதிப்பத்திரம். விற்க முடியாது, நினைத்தபடி ஈடு வைக்க முடியாது, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது, குடியிருந்து பயிர்செய்யாமல் விட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரும் தன் விருப்பத்துக்கு இல்லை. மாரியில் செய்கிற காலபோகம் மழையோடு போய்விடும், கோடையில் செய்கிற சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, கூட்டம் போட்டு, இந்த முறை இவ்வளவு ஏக்கர்தான் விதைக்கலாம் என்று பங்கு பிரிப்பார்கள், இன்றைக்கும் அதுதான் முறை. தொப்பிக்காரனுக்கு இது ஒன்றும் தெரியாது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு ஒரு மாட்டுவண்டிலைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். நடுப்பலகையில் பெரிய எழுத்தில், பூட்டன் "தனி ஒருவராகக் காட்டை வெட்டிக் கழனியாக்கினார்" என்று இருக்கிறது. கீழே அவருடைய படம், சால்வை போட்டு, நெஞ்சை நிமிர்த்தி. வேறு யாருடைய பெயரும் இல்லை, மனுசியின் பெயர்கூட இல்லை.

இரண்டு மணிக்குப் பிறகு கூட்டம் குறைந்ததும் குசினி வாசலில் ஒரு ஆச்சி கதிரையைப் போட்டு உட்காருவார். எண்பது தாண்டிவிட்டது. மடியில் சுளகு, அடுத்தநாள் அரிசியைப் புடைத்துக்கொண்டிருப்பார். பார்த்துக்கொண்டே இருக்கலாம்: சுளகை இரண்டு தரம் மேலே எறிந்து ஏந்தினால் உமி முன்னால் பறக்கும், பிறகு பக்கவாட்டில் ஒரு சின்ன ஆட்டு, குறுணி ஒரு மூலைக்கு ஒதுங்கும், கல்லை எடுக்க அவர் குனிந்து தேடுவதே இல்லை, விரல் தானாகப் போய் எடுக்கும். இவர்தான் அந்தப் பூட்டனின் மூத்த மகள். அவரிடம் அந்தப் பலகையைப் பற்றிக் கேட்டேன்.

"தனியவோ? ஆர் தம்பி உதை எழுதினது? அப்பு ஒரு கோடாரிதானே பிடிச்சவர். சமைச்சுப் போட்டது ஆர், நாத்துப் பிடுங்கினது ஆர், இரவிரவாப் பண்டிக்குத் தகரம் தட்டினது ஆர்?"

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் சுவரில் இல்லை. தகப்பன் முதலில் ஊர்க்காரர் சிலரோடு போய் ஒரு கொட்டிலில் இருந்திருக்கிறார். விதைப்புக்குப் போனால் சூடு மிதித்து முடித்துத்தான் ஊருக்கு வருவார். இரண்டாவது உலகச் சண்டை முடிந்த பிறகுதான் குடும்பம் போனது, ரயிலில் கிளிநொச்சிக்கு, அங்கிருந்து மாட்டுவண்டில். தாய் கொண்டுபோனது உலக்கை ஒன்று, ஒடியல்மா, புழுக்கொடியல், பினாட்டு என்று பனையில் செய்த சாப்பாட்டுச் சாமான், உப்பு, புளி. உரல் கொண்டுபோகவில்லை, அங்கே மரத்துக்குப் பஞ்சமா, ஒரு முதிரைக் குற்றியைத் தகப்பன் குடைந்து கொடுத்தாராம். இரவில் யானை வந்தால் பரணில் தீப்பந்தம், பகலில் குரங்கு, கதிர் முற்றினால் கிளி. ஆனால் ஆச்சி அதிகம் சொன்னது காய்ச்சலைப் பற்றித்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் குலைப்பன் வரும். தாய்க்கு வருகிற நாளில் மகள் சமைப்பார், மகளுக்கு வருகிற நாளில் தாய் சமைப்பார், இரண்டு பேருக்கும் ஒரே நாள் வந்தால் அன்றைக்குப் பழஞ்சோறுதான், அதுவும் இல்லாவிட்டால் புழுக்கொடியல். கொயினா மருந்தை விழுங்கினால் காது இரையும். இவருக்கு நேரே இளைய பெடிச்சி அந்தக் காய்ச்சலில்தான் போனது. பிறகு டிடிடி என்கிற நுளம்பு மருந்து அடிக்க ஆட்கள் வந்து வீடு வீடாகச் சுவரெல்லாம் அடித்துவிட்டுப் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது என்றார். அது உண்மைதான், நாடு முழுக்க அப்படித்தான் இறங்கியது, 1963இல் இலங்கையில் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா என்று கணக்கு. பிறகு விட்ட இடத்தில் திரும்பக் கிளம்பி, கடைசியில் 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

காணி யாருக்குப் போனது என்று கேட்டேன். தன் தம்பிக்கு, வேறு யாருக்கு என்ற மாதிரி ஆச்சி பார்த்தார். பெர்மிட்டைப் பிரிக்க முடியாது, ஒரு ஆளுக்குத்தான் போகும், பெயர் குறிக்காமல் விட்டால் அப்போது சட்டம் ஆண்பிள்ளையைத்தான் முதலில் தேடியது. 2022இல்தான் அதைத் திருத்தி ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் தேசவழமை என்கிற எங்கள் வழக்குச் சட்டப்படி காணி பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது என்பதால் வன்னிக்குப் போன மனுசன், அங்கே தன் பெண்பிள்ளைக்கு ஒரு பரப்பும் எழுத முடியாமல் நின்றிருக்கிறார். ஆச்சிக்குத் தாய்வழிக் காணி இந்தக் கோண்டாவில் வளவு சீதனமாகக் கிடைத்தது. பதின்மூன்று பதினாலு வயதில் இருந்து நாற்று நட்ட வயல் தம்பிக்கு. ஆச்சி இதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் குறையாகப் படுகிறது.

இன்னொன்றும் சுவரில் இல்லை. 1958 இனக்கலவரத்துக்குப் பிறகும், அதைவிட அதிகமாக 1977 கலவரத்துக்குப் பிறகும், அடிபட்டு மலையகத்தில் இருந்து வந்த குடும்பங்கள் வன்னியில் வந்து இறங்கின. களை பிடுங்க, அரிவு வெட்ட, புதுக்காடு வெட்ட அவர்கள்தான். ஆச்சி வீட்டுக் காணியிலும் ஓரத்தில் ஒரு குடும்பம் கொட்டில் போட்டிருந்திருக்கிறது, "அந்தப் பிள்ளை இல்லாட்டி எங்கட வயல் புல்லுப் பத்திப் போயிருக்கும்" என்றார். 1948இல் குடியுரிமையைப் பறித்துவிட்டபடியால் அவர்களில் பலருக்கு அரச காணி பெயருக்கு எழுதிக் கொடுக்கவே வழியில்லாமல் இருந்தது. காடு வெட்டினவனுக்குக் காணி என்று பலகையில் எழுதுகிறவர்கள் அவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதத்தான் வேண்டும்.

அடுத்தது அந்தச் சாமான்கள். லாம்பும் பெட்டகமும் குடும்பத்தோடு வந்ததா என்று தம்பியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை, அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். "இல்லை அண்ணை, அங்க இருந்து ஒண்டும் வரேல்லை. 2009ல எல்லாத்தையும் விட்டிட்டுத்தானே போனவை. இது நான் இங்க பழஞ்சாமான் கடையில வாங்கினது." ஆச்சியின் தம்பி குடும்பம் போரின் கடைசியில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, 2010இல் திரும்பிப் போனபோது கிணறும் இரண்டு தென்னையும்தான் மிஞ்சியிருந்ததாம். அந்த ஓட்டத்தில் கைவிடாமல் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று, ஒரு பொலித்தீன் பையில் சுற்றின பெர்மிட். அதனுடைய போட்டோப் பிரதி கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் தெறிக்கிற இடத்தில் தொங்குகிறது! மடித்த இடமெல்லாம் கோடு, ஒரு மூலை இல்லை, பெயருக்குக் கீழே ஊதா மை கசிந்திருக்கிறது, பழைய முத்திரை பாதி தெரிகிறது. காசு கொடுத்து வாங்கின லாம்புக்கு நடுச்சுவர், இதற்குத் தொட்டியடி. இன்றைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து ஆளுக்கு ஒரு தரம் சொல்லுங்கள், இடத்தை மாற்றட்டும். அந்த வயல் நெல்தான் இப்போது இந்தக் கடைக்கு வருகிறது, ஆச்சியின் தம்பியின் பேரன் செய்கிறார். இதையும் எங்கும் எழுதவில்லை.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரிமாற ஒரே ஒரு பெடியன், சனி மதியம் முக்கால் மணித்தியாலம் இலையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஒழுங்கையில் கார் விட இடமில்லை. மாலுக்குள் பின்னேரம் நுளம்பு பிய்த்து எடுக்கிறது, மலேரியாக் கதையைச் சுவரில் போட்டுவிட்டு ஒரு மின்விசிறிகூடப் போடாமல் இருப்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை. கழிவறை சுத்தம், ஆனால் கொளுக்கி இல்லை. காட் எடுக்கமாட்டார்கள், காசு கொண்டுபோங்கள்.

வாசலில் ஒரு மேசையில் சாமான் விற்கிறார்கள். மொட்டைக்கறுப்பன் கிலோ 340 ரூபா, வாங்கலாம், வீட்டில் ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டுத்தான் உலையில் போட வேண்டும், அதைப் பையில் எழுதிவிட்டால் பாதிப் பேர் குறை சொல்லமாட்டார்கள். குரக்கன் மா நன்றாக அரைத்திருக்கிறது. தேன் வாங்கவில்லை, எங்கே எப்போது எடுத்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. வைகாசி கடந்தால் பாலைப்பழம் வரும், சின்னக் கோப்பை 150 ரூபா, உதடு ஒட்டும், ஆனாலும் விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும். ஞாயிறு போகாதீர்கள், கலியாண வீட்டுப் பந்தி மாதிரி ஆட்கள் பின்னால் வந்து நிற்பார்கள், நிம்மதியாகச் சாப்பிட முடியாது. கிழமை நாளில் ஒரு மணிக்குப் போனால் சாப்பிட்டு முடிக்க ஆச்சி வெளியே வந்து உட்காருகிற நேரம் சரியாக இருக்கும். விரால்தான் வேண்டும் என்றால் முதல்நாளே போன் எடுத்துச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் திலாப்பியாதான்.